தெரியாதவர் உதவி கேட்டால்: 200 வெள்ளி அனுப்பிவிட்டுத் தூக்கம் வராதவனின் கேள்வி

ஈசூன்காரன் | வெள்ளி, இரவு 11.48

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் 140 பேர் இருக்கிறோம். யார் வீட்டுக் கழிவறை ஒழுகுகிறது, யார் லிப்டில் சைக்கிளை ஏற்றினார்கள் என்பதைத் தாண்டி அங்கே பெரிதாக எதுவும் வராது. போன புதன்கிழமை ராத்திரி இப்படி ஒன்று வந்தது: புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன், இங்கே கட்டுமான வேலை, ஒர்க் பர்மிட். அப்பாவுக்கு இதய ரத்தக்குழாயில் அடைப்பு. திருச்சியில் தனியார் மருத்துவமனை. 3,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள். கூடவே மருத்துவமனைச் சீட்டின் படம், கட்டிலில் கண் மூடிப் படுத்திருக்கும் பெரியவர் படம், போனிலேயே பணம் அனுப்ப ஒரு பேநௌ எண்.

குழுவில் போட்டவர் எட்டாவது மாடி அக்கா. அவருக்கு யாரோ அனுப்பியிருக்கிறார்கள். அந்த யாரோவுக்கு இன்னொரு யாரோ.

என் அப்பா போனதும் இதே அடைப்பில்தான். யோசிக்கவே இல்லை, 200 வெள்ளி அனுப்பிவிட்டேன். பேநௌவில் காட்டிய பெயர் பையன் பெயர் இல்லை என்பதை அனுப்பிய பிறகுதான் கவனித்தேன். இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அலுவலக நண்பர்கள் குழுவுக்கும் பழைய பள்ளி நண்பர்கள் குழுவுக்கும் அதை அனுப்பி, "நான் கொடுத்துவிட்டேன், முடிந்தவர்கள் கொடுங்கள்" என்று வேறு எழுதினேன். ஆறு பேர் கொடுத்ததாகச் சொன்னார்கள்.

நேற்று மனைவி படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள்: "சீட்டுல தேதி எங்கே?" மேல் பக்கம் வெட்டப்பட்டிருக்கிறது.

என் 200 போனால் போகிறது. அந்த ஆறு பேருக்கு என்ன சொல்வது? இனி இப்படி வந்தால் நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?


கோப்பி ஓ கொசோங் | சனி, நள்ளிரவு 12.15

போச்சு அண்ணே. 200க்கு ஒரு பாடம் என்று எழுதி வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

அவசரம், கட்டிலில் பெரியவர், வேறு பெயரில் கணக்கு, தேதி வெட்டிய சீட்டு. நான்கும் சேர்ந்து வந்தபிறகு இன்னும் என்ன வேண்டும்? 2024இல் மட்டும் இந்தச் சின்ன ஊரில் மோசடிக்காரர்களிடம் போன பணம் 110 கோடி வெள்ளி. போலீஸ் சொன்ன கணக்கு. அதெல்லாம் பேராசைக்காரர்கள் இழந்தது என்று நினைக்காதீர்கள், இரக்கப்பட்டவர்களும் அதில் இருப்பார்கள்.

என் கொள்கை: முகம் பார்க்காதவருக்கு ஒரு காசு கிடையாது. கேவலமாகத் தெரிந்தால் தெரியட்டும்.


செங்காங் மாமி | சனி, காலை 6.40

கோப்பி தம்பி, சர்க்கரை இல்லாத அந்தக் கொசோங் காப்பியைக் குடித்துக் குடித்து நாக்கு மட்டும் இல்லை, மனசும் கசந்துவிட்டது உங்களுக்கு.

என் மாமியார் அடிக்கடி சொல்வது, ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. நான் மாதம் 50 வெள்ளி இதற்கென்று ஒதுக்கிவிடுவேன். ஏமாந்தால் 50 தான் ஏமாறுவேன். எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் டிஷ்யூ விற்கும் பாட்டியிடம் நான் அடையாள அட்டை கேட்பதில்லையே. அவருக்கு மூன்று வீடு இருக்கிறது என்று கூடச் சொல்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். எழுபது வயதில் வெயிலில் நிற்கிறாரா இல்லையா? அது என் கண்ணுக்குத் தெரிகிறது.

ஆனால் ஈசூன் தம்பி, நீங்கள் அதை மற்றவர்களுக்கு அனுப்பியதுதான் எனக்கும் கொஞ்சம் உறுத்துகிறது.


பழைய கணக்குப்பிள்ளை | சனி, காலை 9.22

மாமி சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். முப்பது வருடம் தணிக்கை வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒரு செய்தியை "நான் கொடுத்துவிட்டேன்" என்று எழுதி அனுப்புவது தகவல் பரிமாற்றம் இல்லை, ஜாமீன் கையெழுத்து. உங்கள் நண்பர்கள் ஆறு பேரும் நம்பியது அந்தப் பையனை இல்லை, உங்களைத்தான். நீங்கள் நம்பியது எட்டாவது மாடி அக்காவை. அவர் நம்பியது வேறு யாரையோ. இந்தச் சங்கிலியில் பையனை நேரில் பார்த்த கண்ணி எது என்று எடுத்துப் பாருங்கள். அப்படி ஒன்று இல்லாமலும் இருக்கலாம்.

இன்னொன்று. கோப்பி தம்பி தேதி வெட்டிய சீட்டைப் பெரிய குற்றமாகச் சொன்னார். என் அனுபவம் வேறு. ஏமாற்றுகிறவனின் கோப்பு பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும். கேட்கும் முன்பே ரசீது, முத்திரை, கையெழுத்து எல்லாம் வரிசையாக வந்துவிடும், அதைத் தயாரிப்பதுதானே அவன் தொழில். நிஜமாகவே அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் கையில் இருப்பது கசங்கின சீட்டு, பாதி தெரியாத படம், முன்னுக்குப் பின் முரணான கதை. ஓட்டை இருக்கிறது என்பதாலேயே பொய் என்று முடிவு கட்டாதீர்கள். ஓட்டையைப் பற்றிக் கேட்டால் என்ன பதில் வருகிறது, எவ்வளவு கோபம் வருகிறது என்பதைப் பாருங்கள்.


கோப்பி ஓ கொசோங் | சனி, காலை 9.50

> ஏமாற்றுகிறவனின் கோப்பு பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும்

ஒத்துக்கொள்கிறேன் ஐயா. அமெரிக்காவில் 2017இல் நடந்தது ஞாபகம் வருகிறது. நடுரோட்டில் பெட்ரோல் தீர்ந்துபோன ஒரு பெண்ணுக்கு வீடில்லாத ஒருவர் தன்னிடம் இருந்த கடைசி 20 டாலரைக் கொடுத்தார் என்று கதை. அவருக்கு நன்றி செய்யப் போகிறோம் என்று கோஃபண்ட்மீ என்ற நிதிதிரட்டுத் தளத்தில் போட்டார்கள். 14,000 பேர் சேர்ந்து 4 லட்சம் டாலருக்கு மேல் கொட்டினார்கள். கடைசியில் பார்த்தால் பெட்ரோலும் தீரவில்லை, 20 டாலரும் இல்லை, அந்தப் பெண், அவளுடைய காதலன், வீடில்லாதவர் மூன்று பேரும் சேர்ந்து கட்டிய கதை. ஒரு சுருக்கம் இல்லாத கதை! கொடுத்தவர்களுக்கு அந்தத் தளம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. நம் புளோக் வாட்ஸ்அப் குழு திருப்பிக் கொடுக்குமா?


மழைமேகம் | சனி, பகல் 1.05

நான் ஏமாந்த ஆள். இதுவரை என் கணவரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை, இங்கே முகம் தெரியாது என்பதால் சொல்கிறேன்.

ஃபேஸ்புக்கில் ஓர் அம்மா. மகளுக்குப் புற்றுநோய் என்றார். முதலில் நான் அனுப்பியது 30 வெள்ளி. அவர் உருகி உருகி நன்றி சொல்லவில்லை, அதனாலேயே நம்பினேன். "இன்னிக்கு ரெண்டு வாய் சாப்பிட்டா" என்று மட்டும் எழுதுவார். எட்டு மாதத்தில் 1,500 வெள்ளி போயிருக்கிறது. ராத்திரி எழுந்தால் முதல் வேலையாக அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று போனைப் பார்ப்பேன். ஒரு நாள் என் மகன்தான் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தான். வேறொரு நாட்டுச் செய்தித்தளத்தில் பல வருடத்துக்கு முன்னால் வந்த பிள்ளை.

போலீஸில் புகார் கொடுத்தேன். வங்கி முடிந்ததைச் செய்தது. பணம் வரவில்லை. இப்போது 1799 என்று ஸ்கேம்ஷீல்டு உதவி எண் இருக்கிறது, எந்த நேரமும் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்கலாம். அன்றைக்கு எனக்கு அது தெரிந்திருந்தாலும் கூப்பிட்டிருப்பேனா என்று சொல்ல முடியவில்லை, ஏனென்றால் எனக்குச் சந்தேகமே இல்லை.

பணத்தைவிட வேறொன்று. அந்தப் படத்தில் இருந்த பிள்ளை நிஜம், நோயும் நிஜம். அவள் என்ன ஆனாள் என்று தெரியவில்லை. பொய் என்று தெரிந்த பிறகும் இரண்டு வாரம் அவளுக்காக அழுதேன்.


செங்காங் மாமி | சனி, பகல் 1.30

மழைமேகம், உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன் பாருங்கள்.


தெம்பனிஸ்காரி | சனி, மாலை 4.12

குடும்பச் சேவை நிலையம் ஒன்றில் தொண்டூழியராக இருக்கிறேன். அங்கே பார்ப்பதை வைத்து எழுதுகிறேன், அதிகாரபூர்வமாக இல்லை.

இங்குள்ள குடிமக்களோ நிரந்தரவாசிகளோ மருத்துவச் செலவுக்கு இணையத்தில் கேட்டால், கொடுக்கும் முன் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: மருத்துவமனையின் மருத்துவச் சமூகப் பணியாளரைப் பார்த்தீர்களா? மானியம், மெடிஷீல்டு லைஃப் காப்பீடு, மெடிசேவ் சேமிப்பு எல்லாம் கழித்தும் கட்ட முடியாதவர்களுக்குத்தான் 1993இல் மெடிஃபண்ட் என்ற அரசு உதவி நிதியைத் தொடங்கினார்கள். அன்றாடச் செலவுக்கு கோம்கேர் என்ற அரசு உதவித் திட்டம், எண் 1800-222-0000, இல்லாவிட்டால் பக்கத்துச் சமூகச் சேவை அலுவலகம். நிஜமாகக் கஷ்டப்படுகிறவர் இந்தக் கேள்விக்கு ஏதாவது பதில் வைத்திருப்பார். போனேன், கிடைக்கவில்லை என்பார். வெட்கமாக இருக்கிறது என்பார். அங்கே தமிழ் பேச யாரும் இல்லை என்பார். எல்லாமே எனக்குப் பதில்தான். பதிலே சொல்லாமல் கணக்கு எண்ணை மறுபடி அனுப்பினால் நான் நிறுத்திவிடுவேன்.

இணையத்தில் கொடுப்பதாக இருந்தால் தளம் வழியாகக் கொடுங்கள். 2018 ஜனவரியில் அறநிறுவன ஆணையர் அலுவலகம் இணைய நிதிதிரட்டுத் தளங்களுக்கென்று ஒரு நடத்தை விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. கிவிங் டாட் எஸ்ஜி, கிவ் டாட் ஏசியா, ரே ஆஃப் ஹோப் எல்லாம் அதில் இருக்கின்றன. ஒர்க் பர்மிட் தொழிலாளர்களுக்காகவும் ரே ஆஃப் ஹோப்பில் நிதி திரட்டியிருக்கிறார்கள்.

அப்புறம், வரிக்கழிவு பற்றி என்னிடம் நிறையப் பேர் கேட்பார்கள். 250 சதவீதக் கழிவு பொது நல நிறுவனத் தகுதி பெற்ற அமைப்புகளுக்குக் கொடுத்தால்தான். தனி ஆள் கையில் கொடுத்ததற்குக் கிடையாது. புண்ணியக் கணக்கில் மட்டும் எழுதிக்கொள்ளலாம்.


பழைய கணக்குப்பிள்ளை | சனி, மாலை 5.03

அம்மா சொன்ன வழி நல்ல வழி. ஆனால் பதிவு செய்த அமைப்பு என்றவுடன் கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டாம். 2005 ஜூலையை இங்கே எத்தனை பேர் நினைவு வைத்திருக்கிறீர்கள்?

தேசிய சிறுநீரக அறநிறுவனம். அதன் தலைமை நிர்வாகி டி.டி. துரை, தம்மைப் பற்றி எழுதிய நாளிதழ் நிறுவனத்தின்மேல் அவதூறு வழக்குப் போட்டார். அலுவலகத் தனிக் குளியலறையில் தங்க முலாம் பூசிய குழாய் என்று எழுதியதுதான் சண்டையின் தொடக்கம். வழக்கு இரண்டு நாள்தான் நடந்தது. கூண்டில் ஏறியதும் ஆண்டுக்கு 6 லட்சம் வெள்ளி வாங்கியது வெளியே வந்தது, இரண்டாவது நாளே வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். கையிருப்பு பல ஆண்டுகளுக்குக் காணும் என்ற நிலையிலும் மூன்று ஆண்டுக்குத்தான் வரும் என்று மக்களிடம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். சில நாளில் நிர்வாகக் குழுவே விலகியது. பிறகு அவர் சிறைக்கும் போனார்.

நான் அந்த அமைப்புக்கு மாதாமாதம் ஜைரோவில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போகும்படி, கொடுத்துக்கொண்டிருந்தவன். ஆயிரக்கணக்கானவர்கள் மாதிரி நானும் அந்த வாரமே நிறுத்தினேன். அப்போது டயாலிசிஸ் மெஷினில் இருந்த நோயாளிகள் யாருக்கும் தங்கக் குழாய் இல்லை. கோபத்தில் அவர்களை மறந்துவிட்டேன். ஒரு வருடம் கழித்துத்தான் மறுபடி தொடங்கினேன்.

ஆண்டறிக்கையை அறநிறுவன இணையவாசலில் பாருங்கள். நிதி திரட்டும் செலவு திரட்டிய தொகையில் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று விதி. இதைப் பார்க்கத் தணிக்கையாளர் வேண்டாம், கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.


கோப்பி ஓ கொசோங் | சனி, மாலை 5.20

எல்லாம் சரி. ஆனால் நாம் பேசிக்கொண்டிருப்பது திருச்சியில் இருக்கும் அப்பாவைப் பற்றி. மெடிஃபண்ட் அங்கே எங்கே வரும்? 2023 ஜூலையிலிருந்து முதலாளி எடுக்கவேண்டிய மருத்துவக் காப்பீடு 60,000 வெள்ளி ஆகியிருக்கிறது, ஆனால் அது தொழிலாளிக்கு மட்டும். அப்பாவுக்கு இல்லை.


காவிரிக்கரை | சனி, மாலை 6.44

நான் திருச்சி. பதினொரு வருடமாக ஜூரோங் வெஸ்ட். அந்தப் பக்கத்துக் கேள்வியை நான் கேட்கிறேன்.

முதலில் காப்பீட்டு அட்டை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் செல்லும், இதயச் சிகிச்சையும் அதில் இருக்கிறது. கூலி வேலைக் குடும்பம் என்றால் அட்டை இருக்க நிறைய வாய்ப்பு. ஆனால் அட்டையில் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி என்று இழுத்தடிப்பதும் நடக்கும். என் சித்தப்பாவுக்கு ஒரே ஒரு "ச்" இடித்தது.

இரண்டாவது, உள்நோயாளி எண். ஐபி நம்பர் என்பார்கள். சீட்டில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு அடிக்காதீர்கள், அது யாருடையதோ. மருத்துவமனை எண்ணை நீங்களே தேடி எடுத்து பில்லிங் கவுண்டரில் கேளுங்கள். நோயாளியின் விவரம் எல்லாம் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது. "இந்த ஐபி நம்பருக்குப் பணம் கட்டவேண்டும், எப்படிக் கட்டுவது" என்று கேட்டால் வழி சொல்வார்கள். அப்படி ஒரு நம்பரே இல்லை என்றால் அங்கேயே விஷயம் முடிந்தது. கட்டினால் பணம் நேரே பில்லுக்குப் போகும். யாரையும் சந்தேகப்பட்டதாகவும் இருக்காது.


கோப்பி ஓ கொசோங் | சனி, மாலை 7.01

இதைத்தான் சொல்கிறேன். ஆதாரம் கேளுங்கள், வீடியோ கால் போடச் சொல்லுங்கள், கட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். நிஜமானவன் எதற்குத் தயங்கப் போகிறான்?


கப்பல்பட்டறை | சனி, இரவு 10.37

இந்த இழையை நேற்றிலிருந்து படிக்கிறேன். எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். கடைசிப் பதிவைப் பார்த்த பிறகு முடியவில்லை.

2017இல் எனக்கு இடது கை மூன்று விரல் நசுங்கியது. கம்பெனி பெயர் வேண்டாம். ஆபரேஷன் முடிந்து ஸ்பெஷல் பாஸ் கொடுத்தார்கள், அதில் வேலை செய்யக்கூடாது. வீட்டுக்கு அனுப்பக் காசு இல்லை. தங்கை கல்லூரிக் கட்டணம் நின்றுபோனது. ரூமில் இருந்தவன் சொல்லி ஃபேஸ்புக்கில் ஒரு தமிழ்க் குழுவில் எழுதினேன், 600 வெள்ளி உதவி வேண்டும் என்று. எழுதி முடிக்க மூன்று நாள் ஆனது. போடுவதும் அழிப்பதுமாக இருந்தேன்.

போட்டதும் நாற்பது பேர் கேள்வி கேட்டார்கள். ஒர்க் பர்மிட் முன் பக்கம், பின் பக்கம். டிஸ்சார்ஜ் பேப்பர். கம்பெனி பெயர். கொடுத்தேன். "எல்லாரும் இப்படித்தான் பேப்பர் காட்டுறாங்க" என்று ஒருவர். "பனியனைப் பார்த்தா புதுசா இருக்கே" என்று இன்னொருவர். பனியன் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த நண்பன் வாங்கிக் கொடுத்தது.

அப்புறம் ஒருத்தர் வீடியோவில் வந்தார். கட்டைப் பிரித்துக் காட்டு என்றார். டாமில், அதாவது தொழிலாளர் விடுதியில், ராத்திரி லைட்டை அணைத்துவிடுவார்கள். கழிவறையில்தான் வெளிச்சம் நன்றாக இருக்கும். அங்கே போய், போனை வாஷ்பேசின் மேல் சாய்த்து வைத்து, ஒரு கையால் பிரித்தேன். அவர் பார்த்தார். "ஓகே, ஓகே" என்றார். 100 வெள்ளி அனுப்பினார். பின்னால் குளிக்க வந்த இரண்டு பேர் பக்கெட்டோடு நின்றிருந்தார்கள்.

அந்த 100ஐ இன்றுவரை மறக்கவில்லை. நன்றியோடும் இல்லை, கோபத்தோடும் இல்லை. சும்மா ஞாபகம் இருக்கிறது.

அதே குழுவில் ஓர் அக்காவும் கேள்வி கேட்டார். அடிபட்டது எந்தத் தேதி? கம்பெனி மனிதவள அமைச்சுக்கு ரிப்போர்ட் செய்ததா? எம்சி (மருத்துவ விடுப்பு) நாட்களுக்குச் சம்பளம் வந்ததா? நான் வரவில்லை என்றேன். வேலையிட விபத்து இழப்பீட்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, மருத்துவச் செலவு, எம்சி சம்பளம், விரல் நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டதற்கு மொத்தத் தொகை எல்லாம் உனக்கு வரவேண்டியது, யாரிடமும் கேட்டு வாங்குவது இல்லை என்றார். டிடபிள்யூசி2 என்ற வெளிநாட்டுத் தொழிலாளர் உதவி அமைப்பின் ஆட்கள் லிட்டில் இந்தியாவில் என்னைப் போன்றவர்களுக்கு இலவசச் சாப்பாடு போடுகிறார்கள், 2008இலிருந்து நடக்கிறது, கஃப் ரோடு புராஜெக்ட் என்று பெயர், முதலில் போய்ச் சாப்பிடு, அங்கேயே கேஸையும் சொல் என்றார். போனேன். அந்த அக்கா எனக்கு ஒரு காசுகூடக் கொடுக்கவில்லை. அவர் கேட்ட கேள்விகள் எதுவும் எனக்கு அசிங்கமாக இருக்கவில்லை. எல்லாம் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்ட மாதிரி இருந்தது.

கோப்பி அண்ணே, நிஜமானவன் தயங்குவான். அதைத்தான் சொல்ல வந்தேன்.


செங்காங் மாமி | சனி, இரவு 10.52

தம்பி, இப்போது கை எப்படி இருக்கிறது?


கப்பல்பட்டறை | சனி, இரவு 11.06

ஒரு விரல் மடங்காது மாமி. வேலைக்குத் தொந்தரவு இல்லை. தங்கை படித்து முடித்துவிட்டாள்.


கோப்பி ஓ கொசோங் | ஞாயிறு, காலை 8.15

கப்பல்பட்டறை, நேற்று நான் எழுதியதை அழித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும், அதை வைத்துத்தான் நீங்கள் எழுதினீர்கள்.

என் நிலை முழுசாக மாறவில்லை. வீடியோ கால் கேட்கமாட்டேன், அவ்வளவுதான். காவிரிக்கரை சொன்ன ஐபி நம்பர் எனக்குப் பிடித்திருக்கிறது, அங்கே யாரும் எதையும் பிரித்துக் காட்டவேண்டாம்.


தெம்பனிஸ்காரி | ஞாயிறு, காலை 9.31

ஈசூன்காரன் அண்ணனுக்கு ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பொதுமக்களிடம் வெளிநாட்டு அறப்பணிக்கென்று நிதி திரட்டுவதற்கு இங்கே அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். ஒரு நண்பனுக்கு நாலு பேர் கூடிக் கொடுப்பது வேறு, ஊர் முழுக்கச் செய்தி சுற்றவிட்டு வசூலிப்பது வேறு. நல்ல மனதோடு செய்கிறவர்களும் இந்தக் கோட்டைத் தெரியாமல் தாண்டிவிடுகிறார்கள். இன்னும் யாருக்காவது அனுப்பியிருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். அந்தப் பையனிடம் நேரில் பேச முடியுமா என்றும் பாருங்களேன்.


ஈசூன்காரன் | ஞாயிறு, இரவு 9.40

பேசிவிட்டேன். நேரிலேயே.

எட்டாவது மாடி அக்காவைப் பிடித்து, அவருக்கு அனுப்பியவரைப் பிடித்து, நாலாவது ஆளிடம் பையனின் நிஜ எண் கிடைத்தது. கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன மாதிரி, நடுவில் இருந்த மூன்று பேரும் அவனைப் பார்த்ததில்லை. கப்பல்பட்டறை பதிவை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கூப்பிட்டேன். ஆதாரம் கேட்கவில்லை. "அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்டேன். "ஸ்டென்ட் வச்சாச்சுண்ணே, நேத்து" என்றான். பகலில் தேக்கா (லிட்டில் இந்தியா) வருவதாகச் சொன்னான்.

இருபத்து மூன்று வயது இருக்கும். கழுத்தில் வெயில் கோடு. உணவங்காடியில் உட்கார்ந்தோம், ஆளுக்கு ஒரு தே தாரிக். ஐபி நம்பரைக் கேட்கும் முன்பே போனில் ரசீதைக் காட்டினான். அப்பா நிஜம், மருத்துவமனை நிஜம், தேதியும் இருந்தது. படம் எடுத்த தங்கை கை நடுங்கி மேல் பக்கத்தை விட்டுவிட்டாள், அவ்வளவுதான். காப்பீட்டு அட்டையும் இருக்கிறது. காவிரிக்கரை சொன்னதேதான், பெயர் ஒத்துவரவில்லை.

ஆனால் ரசீதில் மொத்தம் 1,60,000 ரூபாய். நம் காசுக்கு 2,400 வெள்ளி சுமார். அவன் கேட்டது 3,800.

மீதி எதற்கு என்று கேட்டேன். டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தான். ஏற்கெனவே கலந்து வந்த டீ. இங்கே வருவதற்கு ஊரில் ஏஜென்டுக்குக் கட்டியது, அதற்கு இங்கே ஒருத்தரிடம் வாங்கிய கடன். வட்டி நின்றுபோனதால் கடன் கொடுத்தவர் அவன் ஏடிஎம் கார்டை வாங்கி வைத்திருக்கிறார். அதனால்தான் ரூம்மேட் பெயரில் பேநௌ. "கடனுக்குன்னு கேட்டா யாருண்ணே குடுப்பா?" என்றான்.

என்னிடம் பதில் இல்லை.


மழைமேகம் | ஞாயிறு, இரவு 10.02

அப்பா பிழைத்துவிட்டாரே. எனக்கு அதுவே போதும் போல இருக்கிறது. இது சரியா தவறா என்று யோசிக்க எனக்குத் தெம்பில்லை.


கோப்பி ஓ கொசோங் | ஞாயிறு, இரவு 10.10

பொய்தான். 1,400 வெள்ளிக்குப் பொய். ஆனால் அதற்கு அப்பாவை விற்கவில்லை, அப்பாவோடு சேர்த்துக் கேட்டுவிட்டான். இதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.


பழைய கணக்குப்பிள்ளை | திங்கள், காலை 7.45

கணக்கில் இதற்குப் பெயர் உண்டு, தலைப்பு மாற்றி எழுதியது. தொகை சரி, தேவை சரி, தலைப்பு தவறு. தணிக்கையில் இதைக் குறிப்பிடாமல் விடமாட்டேன். கொடுத்தவருக்குத் தன் காசு எதற்குப் போனது என்று தெரியவேண்டும், கடனுக்கும் கொடுத்திருக்கக்கூடியவர்கள் அதில் இருந்திருக்கலாம். அந்த வாய்ப்பை அவர்களுக்கு அவன் கொடுக்கவில்லை.

ஆனால் நோய்க்கு மட்டும்தான் இரங்குவோம், கடனுக்கு இரங்கமாட்டோம் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் நாமும் உண்டு.


தெம்பனிஸ்காரி | திங்கள், காலை 8.20

கார்டைப் பிடுங்கி வைத்திருப்பது சாதாரண விஷயம் இல்லை அண்ணே. வெளிநாட்டு ஊழியர் நிலையத்தில் பேசச் சொல்லுங்கள், வங்கியில் சொல்லி அந்தக் கார்டை நிறுத்திவிட்டுப் புதிது வாங்கச் சொல்லுங்கள். ஏஜென்டு பணத்தில் இங்குள்ள ஏஜென்டு எவ்வளவு எடுத்தார் என்றும் கேளுங்கள். சிங்கப்பூர் ஏஜென்டு ஒப்பந்த ஆண்டு ஒன்றுக்கு ஒரு மாதச் சம்பளம், மொத்தம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் ஊழியரிடம் வாங்கக்கூடாது. ஊரில் வாங்கியதை இந்தச் சட்டம் தொடாது, அதுதான் கொடுமை.


கப்பல்பட்டறை | திங்கள், காலை 8.58

ஈசூன் அண்ணே, அவன் எண்ணை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், அவனிடம் கேட்டுவிட்டு. ஞாயிற்றுக்கிழமை நானே கூட்டிப் போகிறேன்.


ஈசூன்காரன் | திங்கள், இரவு 11.15

கேட்டேன், சரி என்றான். அனுப்பிவிட்டேன்.

இரண்டு குழுவிலும் இப்போதுதான் எழுதினேன். பார்க்காமல் அனுப்பியது என் தவறு, அப்பாவின் சிகிச்சை நிஜம், ஆனால் மொத்தப் பணமும் அதற்கு இல்லை, மீதி கடனுக்கு, திருப்பி வேண்டும் என்பவர்களுக்கு நான் தருகிறேன் என்று. மனைவிதான் வாக்கியத்தைச் சரி பார்த்தாள். "அவன் பாவம்" என்று நான் சேர்த்திருந்ததை அடித்துவிட்டாள், அதை அவர்களே முடிவு செய்யட்டும் என்று.


செங்காங் மாமி | செவ்வாய், காலை 6.30

என்ன பதில் வந்தது?


ஈசூன்காரன் | செவ்வாய், பகல் 12.50

பள்ளிக் குழுவில் ஒருவன் விலகிப் போய்விட்டான், 100 கொடுத்தவன். அவனுக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன், வாங்கிக்கொண்டான், பதில் இல்லை. மூன்று பேர் பரவாயில்லை என்றார்கள். ஒருவர் இன்னும் படிக்கவில்லை, சாம்பல் டிக் அப்படியே நிற்கிறது.

அலுவலகத்தில் கணக்குப் பிரிவு அக்கா மட்டும் மேசைக்கு வந்து, அந்தப் பையனுக்கு வட்டி எத்தனை சதவீதம் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல், எழுதிக் கொண்டுவா என்றார்.